கணக்கில் வராத காயங்கள்: கண்டிப் பொலிஸாரின் பணிச்சூழல்

கடமையின்போதோ கடமையின் விளைவாகவோ ஒருவரின் உடலுக்கும் மனத்துக்கும் நேரும் கேடு தொழில்சார் காயம் எனப்படும். பொலிஸ் உத்தியோகத்தரைப் பொறுத்தவரை அது துப்பாக்கிச் சூட்டோடும் கத்திக்குத்தோடும் முடிந்துவிடுவதில்லை என்பதைக் கண்டி நகரின் தெருக்களே காட்டுகின்றன.

இலங்கைப் பொலிஸ் நினைவுகூரும் முதல் உயிரிழப்பு கண்டிக்குச் செல்லும் பாதையிலேயே நிகழ்ந்தது. 1864 மார்ச் 21 அன்று மாவனெல்லையில், சரதியல் என்னும் கொள்ளையனைப் பிடிக்கச் சென்றவர்களுள் ஒருவரான கான்ஸ்டபிள் துவான் சபான் சுட்டுக் கொல்லப்பட்டார். பிடிபட்ட சரதியல் அதே ஆண்டு மே 7 அன்று கண்டியில் தூக்கிலிடப்பட்டான். மார்ச் 21 இன்றும் பொலிஸ் வீரர் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. அது தகுந்த மரியாதையே. ஆனால் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சேரும் காயத்துக்கு அத்தகைய கவனம் வாய்ப்பதில்லை.

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்திருப்பதால், ஒடுங்கிய வீதிகளில் ஊர்ந்து செல்லும் வாகனங்களின் புகை காற்றோட்டம் குறைந்த வேளைகளில் கலையாமல் நகரின் மேலேயே தேங்குகிறது. அப்புகையிலுள்ள நுண்துகள்கள், அதாவது 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறியவை, நுரையீரலின் ஆழம்வரை சென்று இருதயத்தையும் பாதிக்கக்கூடியவை. பேராதனை வீதியிலோ கட்டம்பேயிலோ மணிக்கணக்காக நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்துபவர் அவற்றை இடைவிடாது சுவாசிக்கிறார். ஹோர்ன் ஒலியால் உட்செவியில் அழியும் உணர்கலங்கள் மீண்டும் வளர்வதில்லை. நெடுநேரம் நிற்பதால் கால் நாளங்கள் புடைக்கின்றன, முதுகு நோகிறது. எசல பெரஹரா ஊர்வலத்தின் ‘கும்பல்’, ‘ரந்தோலி’ எனப்படும் கட்டங்களின் இரவுகளிலோ யானைகளுக்கும் பெருங்கூட்டத்துக்கும் இடையே நிற்கும் ஆபத்தும் தூக்கமின்மையும் இவற்றோடு சேர்கின்றன. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிராக வெடித்த வன்முறை போன்ற வேளைகளில் பணியாற்றுவோருக்கு, உடற்காயம் ஏற்படாவிடினும், பின்னாளில் மன உளைச்சல் தலைகாட்டலாம்.

1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பொலிஸாரை உள்ளடக்குவதில்லை. அவர்களுக்கான நிவாரணம் அரச சேவை விதிகளின் வழியே வர வேண்டியுள்ளது. விபத்தொன்றில் கால் முறிந்தால், நாளையும் இடத்தையும் காட்டிக் கடமையோடு தொடர்புபடுத்திவிடலாம். இருபது ஆண்டுச் சேவையின் பின் செவி மங்கினால், அது வீதியால் வந்ததா வயதால் வந்ததா என்ற கேள்விக்கு விடையளிப்பது கடினம். பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2022 இல் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டுள்ள நிலையில், போக்குவரத்துப் பிரிவில் சேரும் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்திலேயே செவித்திறனையும் நுரையீரல் கொள்ளளவையும் அளந்து பதிவுசெய்து, ஆண்டுதோறும் அதனோடு ஒப்பிட்டு வந்தால், அந்தத் தொடர்பை நிறுவுவதற்குக் குறைந்தபட்சம் ஓர் எழுத்துச் சான்றாவது அவர்கள் கையில் இருக்கும்.