காதில் விழுந்தும் களைப்பு: லேசான செவித்திறன் குறைபாடு

லேசான செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு, பேச்சு பெரும்பாலும் காதில் விழவே செய்கிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள அவர்களது மூளை கூடுதலாக உழைக்க வேண்டியுள்ளது. இந்த உழைப்பு குறித்த புரிதலில் கனடாவின் டொரண்டோ நகர ஆய்வாளர்களுக்கு முக்கிய பங்கு உண்டு.

20 முதல் 35 டெசிபல் வரையிலான இழப்பை லேசான குறைபாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் வகைப்படுத்தியது. அமைதியான அறையில் இது பெரிதாகத் தெரிவதில்லை. உணவகத்திலும் திருமண மண்டபத்திலும்தான் சிரமம் வெளிப்படுகிறது.

நினைவாற்றலுக்கு விழும் சுமை

டொரண்டோ பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஷ்னைடர், மெரிடித் டேனிமன் ஆகியோரும், பின்னர் அங்கு பேராசிரியரான கேத்லீன் பிச்சோரா ஃபுல்லரும் 1995இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளையோரும் முதியோரும் வாக்கியங்களைக் கேட்டு, அவற்றின் கடைசிச் சொற்களை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். பின்னணி இரைச்சல் கூடியபோது, சரியாகக் கேட்ட சொற்களும்கூட குறைவாகவே நினைவில் நின்றன.

மூளையின் கவனத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒலியை அடையாளம் காண்பதிலேயே அது செலவானால், நினைவில் பதிக்க எஞ்சுவது குறைவு. பிச்சோரா ஃபுல்லரும் பன்னாட்டு ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட கோட்பாடு மற்றொன்றையும் சேர்க்கிறது: ஒருவர் எவ்வளவு உழைப்பார் என்பது, அந்த உரையாடல் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் பொறுத்தது. பயனில்லை எனத் தோன்றும்போது அவர் முயற்சியையே கைவிடலாம். குடும்பத்தினர் இதை அக்கறையின்மை என்று தவறாகக் கருதக்கூடும்.

இரண்டாவது மொழி

ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழ் முதியோர் பலருக்கு ஆங்கிலம் பிற்காலத்தில் பழகிய மொழி. தாய்மொழி அல்லாத பேச்சை இரைச்சலில் புரிந்துகொள்வது, செவித்திறன் நன்றாக இருப்பவர்களுக்கே கடினம். முதுமையில் முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். ஆங்கிலச் சொற்களின் இறுதியில் வரும் 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகள் இதனால் நழுவுகின்றன. மருத்துவரிடம் பேசும்போது இந்த இரு சுமைகளும் ஒன்றுசேர்கின்றன.

கருவி உதவுமா?

செவித்துணைக் கருவிகள், லேசானது முதல் மிதமானது வரையிலான குறைபாடு உள்ளவர்களின் கேட்கும் திறனையும் அது சார்ந்த வாழ்க்கைத் தரத்தையும் மேம்படுத்துவதாக, 825 பேர் பங்கேற்ற ஐந்து சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2017இல் கூறியது. ஆனால் கேட்கும் உழைப்பைக் கருவிகள் குறைப்பதற்கான ஆதாரம் உறுதியாக இல்லை என்று அதே ஆண்டில் வெளியான மற்றொரு மதிப்பாய்வு தெரிவித்தது. கருவி ஒலியைப் பெருக்கும். தேய்ந்த செவியின் நுட்பத்தை அது முழுமையாக மீட்பதில்லை.

ஒண்டாரியோ மாகாண அரசின் உதவிச் சாதனத் திட்டம், தகுதியுள்ளோருக்கு கருவி விலையில் 75 சதவீதத்தை, ஒரு காதுக்கு அதிகபட்சம் 500 டாலர் வரை வழங்குகிறது. இதற்கு மாகாண சுகாதார அட்டை தேவை. சூப்பர் விசாவில் பிள்ளைகளிடம் வந்து தங்கும் பெற்றோருக்கு அந்த அட்டை கிடைப்பதில்லை.

வழக்கமான செவிப் பரிசோதனை, அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்பதையே அளக்கிறது. எவ்வளவு களைப்பு ஏற்படுகிறது என்பதை அது காட்டாது. எனவே இரைச்சலில் பேச்சைக் கேட்கும் சோதனையைக் கேட்டுப் பெறுவதும், அன்றாடக் களைப்பைச் செவித்திறன் நிபுணரிடம் எடுத்துச் சொல்வதும் அவசியமாகின்றன. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முகம் பார்த்துப் பேசுவதோ, எந்தச் செலவுமின்றிக் குடும்பத்தினர் அந்தச் சுமையைக் குறைக்கும் வழி.