குடியுரிமையும் சான்றும்

தாம் பிறந்த மண்ணிலேயே வாழ்பவர் குடியுரிமையைப் பற்றி எண்ணிப் பார்ப்பது அரிது. மூச்சுக்காற்றைப் போல அஃது அவர்களுடன் இருந்துகொண்டே இருக்கிறது. வேறொரு நாட்டில் குடியேறி, அந்நாட்டையே தம் நாடாகக் கொள்ள விரும்புவோர் நிலை அவ்வாறன்று. அவர்கள் கேட்க வேண்டும். கேட்டதற்கு உரியவர் என்று காட்ட வேண்டும். காட்டியதை அலுவலர் ஒருவர் ஏற்க வேண்டும். பிறப்பாலும் வம்சாவளியாலும் குடியுரிமை தானாக வந்து சேர்கிறது. பதிவாலும் இயல்புரிமையாலும் வருவதோ விண்ணப்பித்துப் பெறுவது.

விண்ணப்பித்துப் பெறும் வழிக்கு நாடுகள் விதிக்கும் நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே சாயலின. இத்தனை ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், பழைய நாட்டின் குடியுரிமையைத் துறக்க வேண்டிய இடங்களும் உண்டு. இறுதியில் பற்றுறுதி மொழி ஏற்க வேண்டும். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இயல்புரிமை கோருவோர் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகளும் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும் என்பதைப் பொதுவிதியாகக் கொண்டுள்ளது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றைப் போதிய அளவு அறிந்திருக்க வேண்டும் என்றும் அது கேட்கிறது. தமிழ் மட்டும் அறிந்த ஒருவரும் அந்நிபந்தனையை நிறைவு செய்தவரே.

இவையெல்லாம் படிப்பதற்கு எளியவை. 'வாழ்ந்தேன்' என்று சொல்வதற்கும் 'வாழ்ந்தார்' என்று அரசு ஏற்பதற்கும் இடையிலுள்ள தொலைவே பெரிது. ஓர் இலட்சம் பேரல்லர், பல இலட்சம் பேர் அத்தொலைவைக் கடக்க அரை நூற்றாண்டுக்கும் மேலாக முயன்ற வரலாறு, தமிழகத்தின் தென்கரைக்கு மிக அருகிலேயே நிகழ்ந்தது. அது இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இலங்கையின் மத்திய மலைநாட்டில் முதலில் காப்பியையும், காப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையையும் பயிரிட்டனர். அத்தோட்டங்களில் உழைக்கத் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் கங்காணிகளால் திரட்டிக் கொண்டுசெல்லப்பட்டனர். கடல் கடந்து, காடுகளினூடே நடந்து மலையேறியவர்களுள் வழியிலேயே மாண்டோர் பலர். எஞ்சியோர் லயன் எனப்படும் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுக்கப்படும்; பின்னர் கொழுந்து பறிக்கக் கூடையுடன் மலைச்சரிவில் ஏற வேண்டும். இவர்களுடைய மக்களும் பேரர்களும் பிறந்ததும் வளர்ந்ததும் மறைந்ததும் அம்மலைகளிலேயே. 1946ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இலங்கையில் வாழ்ந்த 'இந்தியத் தமிழர்' ஏறத்தாழ 7,80,000 பேர். நூற்றுக்குப் பன்னிருவர் என்னும் அளவை நெருங்கிய தொகை அது. 1947 தேர்தலில் இவர்கள் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மலையகக் கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சென்றவர்.

மறு ஆண்டு இலங்கை விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற அந்த 1948ஆம் ஆண்டிலேயே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. நூல் பிடித்தாற்போல் எல்லோர்க்கும் பொதுவாகவே அது தோன்றும். ஆனால் தந்தையின் பிறப்பைப் பதிவேட்டால் நிறுவச் சொன்னால், அந்நாட்டின் ஏனைய சிற்றூர்களிலும் எத்தனை பேரால் நிறுவ இயன்றிருக்கும்? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தோட்ட மக்களிடமே கேட்கப்பட்டது. லயத்தில் பிறந்த குழந்தைகள் பலருடைய பிறப்பு எந்த ஏட்டிலும் ஏறியிருக்கவில்லை.

அடுத்து, 1949இல் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் வந்தது. பதிவுவழிக் குடியுரிமைக்கு இச்சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. அவ்வாயிலின் வழியே செல்வது எவ்வாறு என்பதைச் சற்று நின்று காண்பது தகும்.

விண்ணப்பிப்பவர் மணமானவராயின், 1946ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முந்தைய 7 ஆண்டுகள் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். மணமாகாதவராயின் 10 ஆண்டுகள். அந்நாள்முதல் விண்ணப்பிக்கும் நாள்வரையும் அவ்வதிவு தொடர்ந்திருக்க வேண்டும். ஒரே முறையில் 12 மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டுச் சென்றிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். மனைவியும் சிறுவயதுக் குழந்தைகளும் இலங்கையில் வாழ்பவர்கள் என்பதைக் காட்ட வேண்டும். போதிய வருவாயோ நிலையான தொழிலோ வேண்டும். பதிவு பெற்றால் முந்தைய நாட்டின் உரிமைகள் நீங்கும் என்பதை உணர்ந்து ஏற்க வேண்டும். இத்தனைக்கும் 1949 ஆகஸ்டு 5 முதல் இரண்டே ஆண்டுகள் கெடு.

தோட்டத் தொழிலாளி ஒருவரின் வாழ்வை இந்நிபந்தனைகளின் அருகே வைத்துப் பார்த்தால் இடர்ப்பாடு விளங்கும். தாய் நோயுற்றாலும், தங்கைக்குத் திருமணம் என்றாலும், குலதெய்வத்துக்குக் கடன் செலுத்துவதானாலும் அவர் ஊருக்குச் சென்று வருவது வழக்கம். திரும்பி வரக் காலம் தாழ்ந்ததும் உண்டு; மனைவியைப் பேறுகாலத்துக்கு அங்கேயே விட்டு வந்ததும் உண்டு. அந்த உறவின் ஈரமே இப்போது அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. அவர் வாழ்ந்ததற்குச் சான்று வேண்டுமெனில், தோட்டத்தின் பேர்ப்பதிவு ஏட்டைத்தான் நாட வேண்டும். அவ்வேடு அவருடையதன்று, தோட்ட நிருவாகத்தின் கையில் உள்ளது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியவராயின், பல ஏடுகள் தேவை. ஓர் ஏட்டில் 'முத்து' என்றிருப்பவர் மற்றோர் ஏட்டில் 'முத்தையா' என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்பதையும் நிறுவ வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு விண்ணப்பத்தை நிரப்பவும் பிறர் துணை தேவைப்பட்டது.

விண்ணப்பம் சென்றபின் விசாரணை அலுவலர் ஆராய்வார். சான்று போதாது எனக் கருதினால் 'ஏன் மறுக்கக் கூடாது?' என அறிவிப்பு வரும். உரிய நாள்களுக்குள் மறுமொழி அளிக்காவிடில் கோரிக்கை தள்ளப்படும். ஏற்கத்தக்கது எனக் கருதினாலும், பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவிக்க இடமளித்து அறிவிப்பு வெளியிடப்படும். மறுக்கப்பட்டவர் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். நாட்கூலியை நம்பி வாழ்ந்தவருக்கு அவ்வுரிமை ஏட்டளவில் இருந்தது.

இலங்கை இந்தியக் காங்கிரசு இச்சட்டத்தை ஏற்க மறுத்து, விண்ணப்பிக்க வேண்டா என்றே முதலில் மக்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் அம்முடிவை மாற்றிக்கொண்டது. அதற்குள் கெடுவின் பெரும்பகுதி கழிந்திருந்தது. இறுதி மாதங்களில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள். அவற்றுள் அடங்கியோர் 8 இலட்சத்துக்கும் மிகுதி. பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்த ஆய்வின் முடிவில் குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரே.

இதற்கிடையில் 1949இலேயே தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, குடிமக்கள் அல்லாதோர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். 1947இல் வாக்களித்த கைகள் 1952இல் வாக்களிக்கவில்லை. அவ்வாண்டு அறப்போராட்டம் நடந்தது. கோடாக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1953இல் அம்மன்றம் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இந்திய அரசோ, இவர்கள் தாமாகக் கேட்டுப் பதிந்தாலன்றி இந்தியக் குடிமக்கள் ஆகார் என்றது. இரு நாடுகளுக்கும் உரியராய் இருக்க வேண்டியவர்கள் எந்நாட்டுக்கும் உரியரல்லர் ஆயினர். 'நாடற்றோர்' என்னும் சொல் தமிழில் கனம் பெற்றது இவர்களால்தான்.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியத் தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைத் தலைமை அமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் குடிமக்களாக ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்பது அதன் சாரம். 1974இல் அத்தொகையும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. கணக்கு முடிந்துவிட்டது, ஆனால் எவர் எந்தப் பக்கம் என்று அம்மக்களை எவரும் கேட்டிருக்கவில்லை. விண்ணப்பங்கள் பெறப்பட்டபோது அவர்கள் மனம் வெளிப்பட்டது. இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஒதுக்கீட்டைவிட மிகக் குறைவாகவும், இலங்கைக் குடியுரிமை கேட்டோர் ஒதுக்கீட்டைப்போல் இரு மடங்கைக் கடந்தும் இருந்தனர்.

இந்தியக் குடியுரிமை பெற்றோர்க்குக் கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் கடவுச்சீட்டு வழங்கியது. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட தொடர்வண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். வயது வந்த மகனுக்கு ஒரு நாடும் பெற்றோர்க்கு மற்றொரு நாடும் என்று பிரிந்த குடும்பங்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு வேறு பெயர் பொருந்தாது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, குடும்ப அட்டையுடன் அவர்கள் பல திசைகளுக்கும் சென்றனர். அவர்களுக்கெனவே தமிழக அரசு 1968இல் நீலகிரிப் பகுதியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அதன் வழிவந்ததே. அங்கே 'இந்தியத் தமிழர்' எனப்பட்டவர்கள், இங்கே கூடலூரிலும் கோத்தகிரியிலும் 'சிலோன்காரர்' எனப்பட்டனர்.

1984இல் போர்ச் சூழலால் கப்பல் போக்குவரத்து நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, செல்ல வழியின்றி இலங்கையிலேயே தங்கிப் போனவர்கள் ஏறத்தாழ 84,000 பேர். 1986இலும் 1988இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் நாடற்றோரின் தொகையைப் பெரிதும் குறைத்தன. எனினும் விண்ணப்பமும் சான்றிதழும் கைக்கு எட்டாத பலர் லயங்களில் எஞ்சியிருந்தனர்.

2003 அக்டோபரில் இலங்கை நாடாளுமன்றம் எதிர்ப்பின்றி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைக் குடிமக்கள் என்றது அச்சட்டம். பூட்டனாரின் பிறப்பிடத்தை அது கேட்கவில்லை, வருவாயைக் கேட்கவில்லை, ஊருக்குச் சென்று வந்த நாள்களை எண்ணவில்லை. தம் நிலையை அறிவிக்கும் படிவம் ஒன்றை நிரப்பினால் போதும். ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகமையும் தொழிற்சங்கங்களும் தன்னார்வலரும் துணைநிற்க, அலுவலர்கள் தோட்டங்களுக்கே வந்து முகாமிட்டனர். பத்து நாள்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். மக்கள் அதே மக்கள். மலையும் அதே மலை. முன்பு பத்தாண்டுகளில் முடியாத வேலை பத்து நாள்களில் முடிந்ததற்குக் காரணம், சான்று கொண்டுவரும் சுமை அவர்கள் தோளிலிருந்து இறக்கப்பட்டதே.

அச்சட்டம் இலங்கையில் இருந்தவர்களையே கருத்திற்கொண்டது. 1983 வன்முறைக்குப்பின் கடவுச்சீட்டின்றிப் படகேறித் தமிழகம் வந்த மலையக வழியினரைக் கருதி 2009இல் அது திருத்தப்பட்டது. ஆயினும் தமிழகத்து முகாம்களில் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்து, இங்கேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களுள் இந்தியக் குடிமக்களாகவே விரும்புவோர் பலர். உரிய ஆவணமின்றி வந்தோரைச் 'சட்டத்துக்குப் புறம்பாகக் குடிபெயர்ந்தோர்' என்று வகைப்படுத்தும் இந்தியச் சட்டம், அவர்களுக்குப் பதிவு, இயல்புரிமை என்னும் இரு வழிகளையும் அடைக்கிறது. எஞ்சுவது பிறப்புவழி. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் குடிமகன். அன்றும் அதன் பின்னரும் பிறந்தவர்க்கோ, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தாக வேண்டும். ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருள் மூத்தவர் 1986இலும் இளையவர் 1988இலும் பிறந்திருந்தால், பிறப்புச் சான்றிதழில் உள்ள அந்த ஆண்டெண்ணே இருவரின் நாட்டையும் வேறுபடுத்துகிறது.