உறுதியான பாறை என நம்பப்பட்ட கொய்னா

மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்தில் சஹ்யாத்ரி மலைகள் படிக்கட்டுகளைப் போலக் காட்சியளிக்கின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் வெடிப்புகள் வழியே பொங்கிய எரிமலைக் குழம்பு, அடுக்கடுக்காக உறைந்ததால் உருவானது தக்காணப் பாறைப் பரப்பு. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் அது விரிந்துள்ளது. மழையும் ஆறுகளும் அதை அரித்து மகாபலேஸ்வரத்தின் செங்குத்துச் சரிவுகளை உருவாக்கின. அஜந்தா, எல்லோரா குடைவரைகளும் இதே பாறையில் குடையப்பட்டவைதாம்.

இந்தப் பாறையின் உறுதியை நம்பியே கொய்னா ஆற்றின் குறுக்கே 103 மீட்டர் உயர அணை எழுப்பப்பட்டது. நிலநடுக்க அபாயம் அற்றதாகவே அப்பகுதி அன்று கருதப்பட்டது. ஆனால், 1962-ல் நீர் தேக்கத் தொடங்கியதும் அதிர்வுகள் உணரப்பட்டன. 1967 டிசம்பர் 11 அதிகாலையில் 6.3 அளவிலான நிலநடுக்கம் கொய்னாநகரைத் தரைமட்டமாக்கியது. சுமார் 180 பேர் உயிரிழந்தனர். அணையின் மேற்பகுதியில் விரிசல்கள் ஏற்பட்டன. எனினும் அணை உடையவில்லை. பின்னர் அது வலுப்படுத்தப்பட்டது.

நீர்த்தேக்கங்களால் தூண்டப்பட்ட நிலநடுக்கங்களில் இதுவே மிகப் பெரியதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. தேங்கிய நீரின் எடை ஒருபுறம் பூமியை அழுத்துகிறது. மறுபுறம், கசிந்து இறங்கும் நீர் ஆழத்தில் உள்ள பிளவுகளில் அழுத்தத்தைக் கூட்டி, பாறைகளை ஒன்றோடொன்று பற்றி நிறுத்தும் உராய்வைக் குறைக்கிறது. நகரக் காத்திருந்த பிளவு முன்கூட்டியே நகர்ந்துவிடுகிறது. 1985-ல் அருகிலுள்ள வார்ணா நீர்த்தேக்கத்திலும் நீர் தேக்கப்பட்ட பிறகு, அதிர்வுகள் தெற்கே பரவின.

கொய்னா பகுதியில் 3 கி.மீ. ஆழத்துக்குத் தோண்டப்பட்ட ஆய்வுத் துளை 2017-ல் நிறைவடைந்தது. எரிமலைப் பாறையின் தடிமன் அங்கு சுமார் 1.2 கி.மீ. மட்டுமே என்பது அதில் உறுதியானது. அதற்குக் கீழே இருப்பது பழைமையான கருங்கல் தளம். நிலநடுக்கங்கள் பெரும்பாலும் அந்தத் தளத்தில்தான் பிறக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் மலையின் உறுதி, அடியில் உள்ள பிளவுக்குப் பொருந்தாது.

இந்தப் பாடத்தை அரசு தாமதமாகவே கற்றது. 1967 பேரழிவுக்குப் பின்னரே கொய்னா 4-ஆம் நிலநடுக்க மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. 1993 செப்டம்பர் 30-ல் சுமார் 10 ஆயிரம் உயிர்களைப் பறித்த கில்லாரி நிலநடுக்கம் நிகழ்ந்ததோ, மிகக் குறைந்த அபாயம் கொண்ட 1-ஆம் மண்டலத்தில். மண் சாந்தில் அடுக்கிய கல் சுவர்களும் கனத்த கூரைகளும் உறங்கியவர்கள் மீது சரிந்தன. 2002-ல் 1-ஆம் மண்டலமே நீக்கப்பட்டது. அந்தத் திருத்தத்தில்தான் சென்னையும் 2-லிருந்து 3-ஆம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

நாட்டின் நிலநடுக்க வரைபடம் மரணங்களைப் பின்தொடர்ந்தே திருத்தப்பட்டு வந்துள்ளது. புதிய அணைகளுக்கு அனுமதி கோரப்படும்போதெல்லாம் பாசனமும் மின்சாரமும் கணக்கிடப்படுகின்றன. அணையடி கிராமங்களின் வீடுகள் அதிர்வைத் தாங்குமா என்பதும் அதே கணக்கில் சேர்க்கப்பட வேண்டும்.