லகாட் மண்ணில் ஒரு வானவில் மரம்

சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்கவும் சுடுநீரில் விட்டு ஆவி பிடிக்கவும் நம் வீடுகளில் யூகலிப்டஸ் தைலம் ஒரு புட்டியாவது இருக்கும். ஆனால், அந்த மரத்தை நேரில் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அதை எங்கள் லகாட்டில், வீட்டு வாசலில் வளர்க்க முடியுமா? முடியும். ஆனால், எந்த யூகலிப்டஸ் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பெயர் ஒன்று, மரங்கள் பல

யூகலிப்டஸ் என்பது ஒரு தனி மரத்தின் பெயரன்று. அது ஒரு பேரினம். 1788-இல் லெரித்தியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இப்பெயரைச் சூட்டினார். கிரேக்க மொழியில் 'நன்றாக மூடப்பட்டது' என்று பொருள். இதன் மொட்டைச் சிறு மூடி ஒன்று மூடியிருக்கும். பூ விரியும்போது அம்மூடி கழன்று விழும். இப்பேரினத்தில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. நமக்குத் தெரிந்த கொய்யா, கிராம்பு, நாவல், ஜம்பு ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

நாம் 'நீலகிரித் தைலம்' என்று சொல்வது நீல யூகலிப்டஸ் என்ற இனத்தின் இலையிலிருந்து வடிக்கப்படுவது. ஆங்கிலேயர் அதை 1843-இல் நீலகிரிக்குக் கொண்டுவந்தனர். பின்னர் விறகுக்காகப் பெருமளவில் நட்டனர். அங்கிருந்த புல்வெளிகள் பலவும் அதனால் மறைந்தன. அது குளிர்மலை மரம். பகலில் 32, 33 பாகை வெப்பம் நிலவும் லகாட் அதற்கு ஏற்ற இடமன்று.

நமக்கு ஏற்ற அரிய இனம்

நம் தட்பவெப்பத்துக்குப் பொருத்தமானது வானவில் யூகலிப்டஸ். அறிவியல் பெயர் யூகலிப்டஸ் டெக்லுப்டா. பிலிப்பீன்சின் மிண்டானோ, இந்தோனேசியாவின் சுலாவெசி, நியூ கினி முதலிய மழைமிகுந்த தீவுகளே இதன் தாயகம். எனவே வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் வானிலை இதற்குப் புதிதன்று.

இதன் பட்டை ஆண்டு முழுவதும் நீள நீளமாக உரியும். புதிதாக உரிந்த இடம் இளம்பச்சையாக இருக்கும். நாளாக ஆக அது நீலம், ஊதா, செம்மஞ்சள், பழுப்பு என்று மாறும். ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நேரத்தில் உரிவதால் ஒரே மரத்தில் எல்லா நிறங்களும் தெரியும். காகிதக் கூழுக்காகப் பல நாடுகளில் இது தோட்டமாகப் பயிரிடப்படுகிறது. ஆனால், இயற்கைக் காடுகளிலோ குறைந்து வருகிறது. இதன் இலையில் தைலம் குறைவு என்பதையும் நினைவில் கொள்க.

விதையும் விதிமுறையும்

வெளிநாட்டிலிருந்து விதையைப் பையில் மறைத்துக் கொண்டுவரக் கூடாது. செடி, விதை இறக்குமதிக்கு அனுமதி வேண்டும் என்பது 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின் விதி. இது வீண் கெடுபிடியன்று. பிரேசிலில் இரப்பர்த் தோட்டங்களை நாசமாக்கிய தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கு நுழையாமல் காப்பதும் இத்தகைய கட்டுப்பாடுகள்தாம். ஆகவே, உள்ளூர் நாற்றங்கால்களில் விசாரித்துக் கன்று வாங்குவதே நல்லது.

விதை கிடைத்தாலும் அது தூள்போல் மிகச் சிறியது. அதை மண்ணுக்குள் புதைக்காமல், சலித்த மணலும் மக்கிய உரமும் கலந்த தட்டின்மேல் தூவ வேண்டும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். தட்டையே சிறிது நேரம் நீரில் வைத்தால் ஈரம் அடியிலிருந்து ஏறும். நாற்றில் நான்கைந்து இலைகள் வந்ததும் வேர் அறுபடாமல் எடுத்துத் தனித்தனிப் பைகளில் நடவேண்டும். பையில் நெடுநாள் விட்டால் வேர் சுருண்டுகொள்ளும். அப்படிப்பட்ட மரம் பின்னாளில் காற்றுக்குச் சாயும்.

ஈயலம்ப மண்

லகாட் வட்டாரத்தில் பல இடங்கள் பழைய ஈயலம்ப நிலங்கள். சில இடங்களில் வெறும் மணல். ஊற்றிய நீர் உடனே இறங்கிவிடும், சத்தும் தங்காது. வேறு சில இடங்களில் களிச்சேறு. நீர் தேங்கி வேர் அழுகும். மணலாக இருந்தால் குழியை அகலமாகத் தோண்டி, மக்கிய மாட்டெருவும் இலைதழை உரமும் கலக்க வேண்டும். சேறாக இருந்தால் மேடு கட்டி அதன்மேல் நட வேண்டும். ஈரம் காக்க வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பலாம். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புக. இம்மாதிரி நிலத்தில் மரம் வளராது என்று கைவிட வேண்டியதில்லை. இதே பேராவில், பீடோரில், மலேசிய வன ஆய்வுக் கழகம் ஈயலம்ப மணலிலேயே காடு வளர்த்துக் காட்டியிருக்கிறது.

எங்கே நடுவது?

வானவில் யூகலிப்டஸ் காட்டில் 60 மீட்டருக்கும் மேல் வளரும். நல்ல மண்ணில் ஓராண்டிலேயே இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்துவிடும். வரிசை வீட்டின் முன் பத்தடி நிலத்தில் இதை நட்டால் சில ஆண்டுகளில் மின்கம்பியும் கால்வாயும் அண்டை வீட்டுக் கூரையும் ஆபத்துக்குள்ளாகும். அண்டை வீட்டாரின் நட்பும் போய்விடும்! வரிசை வீட்டுக்காரர்கள் பெரிய தொட்டியில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுனியையும் வேரையும் கத்தரித்து வளர்க்கலாம். ஆனால், நிறம் தெரியத் தண்டு பருக்க வேண்டும். சில ஆண்டுகள் பொறுமை தேவை. முழு அழகையும் காண விரும்பினால், பள்ளித் திடலின் ஓரத்திலோ கோயில் நிலத்திலோ பொறுப்பாளர்களின் அனுமதி பெற்று, கட்டடங்களுக்கு வெகு தொலைவில் நடுவதே சரி.

1877-இல் கோலகங்சாரில் ஊன்றிய சில இரப்பர்க் கன்றுகளும் வெளிநாட்டு மரங்களே. அம்மரத்தை நம்பித்தான் நம் முன்னோர் பலர் கடல் கடந்து வந்தனர். இன்று லகாட் சுற்றுவட்டாரத்தில் பால்மரங்களும் லயங்களும் மறைந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. அன்று எந்த மரத்தை எங்கே நடுவது என்பதைத் துரைமார்கள் முடிவு செய்தார்கள். இன்று, சிறியதாயினும், நம் பெயரில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் எதை நடுவது என்பது நம் முடிவு. மண்ணையும் மரத்தையும் அறிந்து அந்த முடிவை எடுப்போம்.