பழைய சொகுசுக் காரை வாங்கலாமா?



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாம் வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தபோது, ஒரு தந்தையும் தாயும் மகனும் வகுப்பறை வாசலில் வந்து நின்றார்கள். தந்தை முப்பத்திரண்டு ஆண்டுகள் முதலில் பால்மரத்திலும் பின்னர் செம்பனையிலும் உழைத்தவர். சில மாதங்களில் ஓய்வு பெறவிருந்தார். மகன் நம்மிடம் படித்தவன். இப்போது பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான்.

பையன் தன் கைப்பேசியில் ஒரு காரின் படத்தைக் காட்டினான். கறுப்பு நிற மெர்சிடிஸ். வயது பதினாறு. 2,500 சி.சி. இன்ஜின். மீட்டரில் 118,000 கிலோமீட்டர். கேட்கும் விலை 28,000 வெள்ளி.

"சார், புதிதாக வந்தபோது இதன் விலை மூன்று லட்சத்துக்கும் மேலே. இப்போது ஒரு சின்னக் காரின் விலைக்குக் கிடைக்கிறது. விடலாமா?" என்றான்.

தந்தை மெல்லச் சொன்னார்: "வாத்தியாரே, சேமநிதிப் பணம் வரப்போகிறது. பையன் ஆசைப்படுகிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

நேயர்களே, அந்த ஆசையை நாம் குறை சொல்லவில்லை. துரையின் பங்களாவுக்கு முன்னால் நின்ற காரை, வேலிக்கு வெளியே நின்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதன் கதவைத் திறந்து உள்ளே உட்கார வேண்டும் என்று நம் பிள்ளைகள் நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஆசை ஒன்று, கணக்கு ஒன்று. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். அன்று அந்தக் குடும்பத்தோடு நாம் பார்த்த கணக்கைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறோம்.

முதல் கேள்வி: மூன்று லட்சம் வெள்ளிக் கார் ஏன் 28,000 வெள்ளிக்கு வந்தது? காருக்கு வயதாக ஆக அதன் விலை இறங்குகிறது. ஆனால் அந்தக் காருக்கு வேண்டிய உதிரிப்பாகத்தின் விலை அதே அளவு இறங்குவதில்லை. கியர் பெட்டி, குளிர்சாதனக் கருவி, மின்னணுப் பெட்டி எல்லாம் மூன்று லட்சம் வெள்ளிக் காருக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் கார் மலிவாகிவிட்டது என்பது அந்தப் பாகத்துக்குத் தெரியாது. வயதான யானை குறைந்த விலைக்குக் கிடைக்கலாம்; அது தின்னும் தீனி குறையுமா? முதல் உரிமையாளரும் இரண்டாம் உரிமையாளரும் கைமாற்றி விடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த மெர்சிடிஸ் இ வகைக் காரில், மின்னணு முறையில் இயங்கும் ஒரு புதிய பிரேக் அமைப்பைப் பொருத்தினார்கள். எத்தனை முறை பிரேக் போடப்பட்டது என்பதை அதன் கருவி எண்ணிக்கொண்டே வரும். குறிப்பிட்ட எண்ணிக்கை முடிந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியும். கருவியை மாற்ற வேண்டும். 2006-இல் அந்த முறையைக் கைவிட்டு வழக்கமான பிரேக் முறைக்கே திரும்பினார்கள். ஆனால் அதற்கு முன் செய்யப்பட்ட கார்கள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே எந்த மாடல், எந்த ஆண்டு, அதில் வழக்கமாக வரும் கோளாறு என்ன என்று கேட்டறியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி: மீட்டர் காட்டும் எண்ணை நம்பலாமா? நம் நாட்டில் ஒரு கார் ஆண்டுக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் ஓடுவது இயல்பு. பதினாறு ஆண்டுக் கார் என்றால் மூன்று லட்சம் கிலோமீட்டர் வரை காட்டினாலும் வியப்பில்லை. 118,000 என்றால் ஆண்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம்தான். அப்படியும் இருக்கலாம். ஆனால் அதற்குச் சான்று வேண்டும். மீட்டரைக் குறைத்து வைப்பது குற்றம். இருந்தும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சான்றை எங்கே தேடுவது? பிரேக் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா? ஸ்டீரிங் வளையத்தின் தோல் பளபளக்கிறதா? ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்திருக்கிறதா? இவை குறைந்த தூரம் ஓடிய காரின் அடையாளங்கள் அல்ல. எண்ணெய் மாற்றும்போது பட்டறையில் ஒட்டும் சிறு சீட்டைக் கதவோரத்திலும் இன்ஜின் மூடிக்கு அடியிலும் தேடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பராமரிப்புப் பதிவேட்டையும் ரசீதுகளையும் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அதிகம் ஓடிய கார் எல்லாம் கெட்ட கார் அல்ல. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடி, காலந்தவறாமல் எண்ணெய் மாற்றப்பட்ட 230,000 கிலோமீட்டர்க் கார், நகர நெரிசலில் நின்று நின்று ஓடிக் கவனிப்பாரற்றுக் கிடந்த 120,000 கிலோமீட்டர்க் காரைவிட நல்ல நிலையில் இருக்கலாம். மனிதனுக்கு வயது மட்டுமா உடல்நிலையைச் சொல்கிறது? அதுபோலத்தான் இதுவும். ஓடாமல் நின்ற காருக்கும் நோய் உண்டு. நம் நாட்டு வெயிலில் ரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும். தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் பகுதி நொறுங்கும்.

மூன்றாவது, காரை நேரில் பார்ப்பது. காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றி நோயை மறைத்திருக்கலாம். புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெண்புகை விடாமல் வந்தால், குளிர்விக்கும் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்குகிறதோ என்று ஐயுற வேண்டும். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காப்பி போலப் படிந்திருந்தாலும் அதே ஐயம்தான்.

கியரை முன்னோக்கியும் பின்னோக்கியும் மாற்றிப் பாருங்கள். கார் இடித்துக் குலுங்கினாலோ, ஓரிரு நொடி தயங்கி நகர்ந்தாலோ, கியர் பெட்டி களைத்துவிட்டது என்று பொருள். காற்றடைத்த துள்ளுவில் உள்ள காராக இருந்தால், இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். நம் செம்மண் சாலையின் குழிகளில் முதலில் அடிவாங்குவது அந்தப் பகுதிதான்.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் வட்டாரங்களில் எத்தனை வாகனங்கள் நீரில் மூழ்கின என்பதை நாடே பார்த்தது. வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து விற்றுவிட முடியும். இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு தெரியும். விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் மணல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பிறகு, விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக்கிடம் கூலி கொடுத்துக் காட்டுங்கள். அவர் காரைத் தூக்கி அடியில் பார்ப்பார். கணினியை இணைத்து உள்ளே பதிவாகியிருக்கும் கோளாறுகளைப் படிப்பார். உரிமை மாற்றத்துக்காகப் புஸ்பகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் செய்யும் பரிசோதனை வேறு. இன்ஜின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் பொருந்துகின்றனவா, கார் சாலையில் ஓடத் தக்கதா என்பதை அது பார்க்கும். கியர் பெட்டி இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று அது சொல்லாது. கார் மீது வங்கிக் கடன் நிற்கிறதா, கட்டாத சம்மன் உண்டா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். வியாபாரி கொடுக்கும் வாக்குறுதி எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். வியாபாரியிடம் வாங்கிய பொருளில் ஏமாற்றம் நேர்ந்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம். எழுத்தில் சான்று இருந்தால்தான் வழக்கு நிற்கும். தனியாரிடம் நேரே வாங்கும்போது இந்தத் துணையும் இல்லை.

நான்காவதுதான் முக்கியம். நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத வேண்டிய கணக்கு. அன்று கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதினோம். ஒரு பக்கம் அந்தப் பெரிய கார். மறுபக்கம் 1,500 சி.சி. உள்ளூர்க் கார்.

தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கான சாலை வரி 1,500 சி.சி.க்கு 90 வெள்ளி. அந்தப் பெரிய காரின் இன்ஜின் சரியாக 2,496 சி.சி.; அதற்கு 876 வெள்ளி. ஏறக்குறையப் பத்து மடங்கு! 3,000 சி.சி.யை நெருங்கினால் இரண்டாயிரத்தையும் தாண்டும். காப்புறுதியில் ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் இருந்தவருக்கு 55 விழுக்காடு வரை கழிவு உண்டு. ஆனால் அந்தக் கழிவு ஆளுக்கு உரியது, காருக்கு அல்ல. முதன்முதலாகக் கார் வாங்கும் நம் பையனுக்குக் கழிவு கிடையாது. பெட்ரோல்: மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் சிறிய காருக்கு 70 லிட்டர் போதும், பெரிய காருக்கு 120 லிட்டர் வேண்டும். மாதம் 50 லிட்டர் கூடுதல். ஆண்டுக்கு 600 லிட்டர். டயர், பிரேக் கட்டை, பேட்டரி ஒவ்வொன்றும் சிறிய காரைவிட விலை கூடியது. இவை எல்லாம் கார் நலமாக இருக்கும்போது ஆகும் செலவு. பழுது இனிமேல்தான்.

ஆகவே நாம் சொல்லும் விதி இதுதான். வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியே ஒதுக்கி வைக்க முடியாதவர், அந்தக் காரை வாங்க முடியாதவர். 28,000 வெள்ளிக் காருக்கு ஒன்பதாயிரம் வெள்ளிக்கு மேல் பெட்டியில் இருக்க வேண்டும். அந்தப் பணம் போனாலும் அடுப்பு எரிய வேண்டும். பிள்ளையின் பள்ளிச் செலவு நிற்கக் கூடாது. கார் பட்டறையில் இரண்டு வாரம் கிடந்தால் வேலைக்குப் போக வேறு வழியும் இருக்க வேண்டும்.

கணக்கை எழுதி முடித்தோம். அதுவரை பேசாமல் இருந்த தாய் அப்போதுதான் வாய் திறந்தார். "சார், இவர் ஓய்வு பெற்றால் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காரில் ஊர் சுற்றலாம். இரவு எங்கே போய் இறங்குவது?"

வகுப்பறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. நாம் எழுதிய கணக்கில் இல்லாத வரி அது.

பையன் நல்ல பையன். "அப்பா, பார்த்துவிட்டாவது வருவோமே" என்றான். அதுவும் நியாயம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். இன்ஜின் மூடிக்கு அடியில் பழைய எண்ணெய்ச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அடுத்த பராமரிப்பு 214,000 கிலோமீட்டரில் என்று அதில் எழுதியிருந்தது. மீட்டரிலோ 118,000! கியர் பெட்டியும் குலுங்கியது. பையன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதே இடத்தில் 231,000 கிலோமீட்டர் ஓடிய இன்னொரு பெரிய காரும் நின்றது. ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. "இரண்டில் இதுதான் நல்ல கார்" என்றார் மெக்கானிக். ஆனால் வீட்டுக்கு முன்பணம் போக மிஞ்சும் தொகையில், அதற்குத் தீனி போட வழியில்லை என்பதைப் பையனே கணக்குப் போட்டுச் சொன்னான்.

சேமநிதிப் பணம் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணமாயிற்று. பையன் தன் சம்பளத்தில் ஒரு பழைய உள்ளூர்க் காரை வாங்கினான். தந்தை ஓய்வு பெற்ற நாளில், வீட்டுச் சாமான்களைத் தோட்டத்திலிருந்து ஏற்றிச் சென்றது அந்தக் கார்தான். நான்கு நடை போயிற்று.

பெரிய காரை வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. குடியிருக்கச் சொந்த வீடு, அன்றாட வேலைக்கு வேறு வாகனம், பெட்டியில் பழுதுக்கான பணம், கையில் பராமரிப்பு ரசீதுகள் இந்த நான்கும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம், மகிழ்ச்சியாக ஓட்டலாம். மற்றவர்கள் சற்றுப் பொறுக்கலாம். முப்பது ஆண்டு உழைப்பின் பணம் ஒருமுறைதான் கைக்கு வரும். கார்கள் நாளையும் விற்பனைக்கு வரும்.