ஒருவர் ஏறும் விமானம்

ஆகாய விமானம் என்றதும் நம்மவர்க்குப் பெருங்கம்பெனிகளும், சர்க்கார் பட்டாளங்களும், கோடிக்கணக்கான ரூபாயுமே ஞாபகத்துக்கு வருகின்றன. தச்சுவேலை அறிந்த சாதாரண மனிதன் ஒருவன், தன் வீட்டுக் கொட்டகையில் விமானம் செய்து தானே ஏறிப் பறக்கலாம் என்றால் நகைப்போர் பலர். ஆயினும் பிரான்ஸ் தேசத்தில் 1930களிலேயே அது நடந்தது. புதுவைவாசிகளுக்கு அந்தச் சரித்திரத்தில் ஒரு பாத்தியதை உண்டு. தீராத கணக்கு ஒன்றும் உண்டு.

ஆன்ரி மின்யே என்பவர் ரேடியோத் தொழிலைச் சேர்ந்தவர். வழக்கமான விமானத்தைச் செவ்வையாக ஓட்டும் திறமை அவருக்கு வாய்க்கவில்லை. கையும் காலும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டியிருப்பதே விபத்துக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். எனவே கால்மிதிகளை அறவே நீக்கினார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கைகள். முன்னிறக்கை மட்டும் கீலில் அசையும். கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் அவ்விறக்கை நிமிர்ந்து விமானம் எழும்பும். பக்கவாட்டில் தள்ளினால் சுக்கான் திரும்பும். மரச்சட்டம், துணி, 17 குதிரைத்திறனுள்ள சிறு என்ஜின், ஒரே ஆசனம் — இவ்வளவுதான்! ‘வானத்துப் பேன்’ என்று பொருள்படும் பெயரையும் அதற்குச் சூட்டினார். (நம்மவராயின் கருடன் என்றோ புஷ்பகம் என்றோ வைத்திருப்பார்.) 1933 செப்டம்பரில் அது பறந்தது. 1934இல் செய்முறை முழுவதையும் புஸ்தகமாக வெளியிட்டார். 1935 ஆகஸ்டில் தாமே அதில் ஏறி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டவும், பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் எண்ணற்ற கொட்டகைகளில் சுத்தியல் ஓசை கேட்கலாயிற்று.

1936 ஜூனில் பிரான்ஸில் பொதுஜன முன்னணியின் மந்திரிசபை அமைந்தது. விமான மந்திரி பியேர் கோத், தொழிலாளர் வீட்டு வாலிபர்களும் பறக்கக் கற்பதற்குத் திட்டம் வகுத்தார். மிக நன்று. ஆனால் அதே மந்திரிசபையின் ஆட்சியில், 1936 ஜூலை 30ஆம் தேதி, புதுவை சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுச் சிப்பாய்கள் சுட்டார்கள். 12 பேர் மாண்டனர். அவர்கள் விமானமா கேட்டார்கள்? சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி வேலை நேரமும் கேட்டார்கள். பாரிஸில் தொழிலாளிக்கு ஆகாயம். புதுவையில் தொழிலாளிக்குத் தோட்டா. பிரெஞ்சு மொழியை ஓதிய இவ்வூராருக்கு மின்யேயின் புஸ்தகத்தை வாசிக்கும் வித்தை இருந்தது. அதைக் கொண்டு இறக்கை கட்டும் சுதந்திரந்தான் இல்லை.

அவ்விமானத்தின் கதை அத்துடன் முடியவில்லை. பலர் அதில் விழுந்து இறந்தனர். தலைகுப்புறச் சாய்ந்த விமானத்தை நிமிர்த்த ஓட்டி கைப்பிடியை இழுக்க இழுக்க, அது மேலும் சாய்ந்தது. இங்கிலாந்தில் பார்ன்பரோவிலும் பிரான்ஸில் ஷலே-மெதோனிலும் உள்ள காற்றுச் சுரங்கங்களில் முழு விமானத்தையே நிறுத்திப் பரிசோதித்த பிறகுதான் காரணம் வெளிப்பட்டது. இரண்டு இறக்கைகளும் மிக நெருங்கியிருந்தன. முன்னிறக்கை நிமிரும்போது இடைவெளியில் பாய்ந்த காற்று பின்னிறக்கையைத் தூக்கி, மூக்கைக் கீழே அமுக்கியது. பின்னர் இடைவெளி திருத்தப்பட்டு, அவ்வினத்து விமானங்கள் செவ்வையாகப் பறந்தன. மின்யேயின் ஊக்கத்தில் குறையில்லை. அளந்து பார்க்கும் கூடம் முன்னரே கிடைத்திருந்தால் அத்தனை உயிர்கள் போயிரா என்பதே நமது அபிப்பிராயம்.

இன்று நம் தேசத்தில் இலகு விமானத் தொழில் அந்நியமானதன்று. வீட்ஹாப்பர் என்ற ஒற்றை ஆசன அமெரிக்க விமானத்தின் வழிவந்த ‘எக்ஸ்-ஏர்’ என்னும் இரட்டை ஆசன விமானத்தைப் பெங்களூரின் ராஜ்ஹம்சா நிறுவனம் செய்தது. புதுவையிலோ லாஸ்பேட்டையில் விமான நிலையமும், அதே பேட்டையில் மோதிலால் நேரு அரசினர் பாலிடெக்னிக்கும், பிள்ளைச்சாவடியில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அனுமதியின்றிப் பறக்கலாகாது என்று சர்க்கார் விதிப்பது நியாயமே. விதிக்கிற சர்க்கார், வாலிபன் வரைந்த இறக்கையைச் சோதித்துச் சொல்லவும் கடமைப்பட்டது. இத்தகைய விமானத்துக்கு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் சுரங்கம் ஒன்று பெரிதும் போதும். அதற்கும் பணமில்லை என்பார்களாயின், லாரியின் மேல் சட்டமடித்து இறக்கையைப் பொருத்தி, வில்தராசு கட்டி, விமானங்கள் வராத விடியற்காலையில் லாஸ்பேட்டை ஓடுபாதையில் ஓட்டிப் பார்க்க உத்தரவு கொடுக்கட்டும்.