துருப்பிடித்த லாரி சாமானும் வாரண்டித் தகராறும்

லாரி உதிரி பாகம் விற்கும் நமது உறுப்பினர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி துரு. சைலன்சரோ, யூ போல்ட்டோ, பிரேக் பைப்போ வாங்கிப் போனவர் நாலைந்து மாதத்தில் அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "அண்ணே, ஆறு மாசம் கேரண்டின்னு சொன்னீங்களே" என்கிறார். கம்பெனிக்கு அனுப்பினால், "உபயோகத்தில் ஏற்பட்ட துரு, வாரண்டியில் சேராது" என்று ஒற்றை வரியில் பதில் வருகிறது. நடுவில் மாட்டிக்கொள்பவர் கடைக்காரர்.

திண்டுக்கல் வறண்ட ஊராயிற்றே, துரு எப்படி வரும் என்று வெளியூர்க் கம்பெனிப் பிரதிநிதிகள் கேட்பதுண்டு. வண்டி நம் ஊருடையதாக இருக்கலாம். ஓடுவது தூத்துக்குடி உப்பளத்துக்கும், ராமேசுவரம் மீன் லோடுக்கும், நம் ஊர்த் தோல் ஷாப்புகளுக்கு உப்பிட்ட தோல் ஏற்றவும்தானே! அந்த உப்புநீர் சேஸிஸ் வழியே வடிந்து மடிப்புகளில் தங்குகிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே லோடு இறக்கியபின் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவாத வண்டியில் எந்தச் சாமானும் நிற்காது. இதை விற்கும்போதே வாய்விட்டுச் சொல்வது நல்லது.

துரு எல்லாம் ஒன்றல்ல. மேற்பூச்சு கொப்புளம்போல் எழும்பி, உரித்தால் அடியில் பரவலாகத் துரு தெரிந்தால் முலாம் போட்டதில் கோளாறு என்று சந்தேகிக்க இடமுண்டு. தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும், கல் அடிபட்ட இடத்திலும் மட்டும் அரித்திருந்தால் உபயோகத்தின் மேல்தான் சந்தேகம் போகும். பேக்கிங் பிரிக்காத சாமானில் துரு இருந்தால் கம்பெனி, லாரி ஆபீஸ், நம் கோடவுன் மூன்றையும் பார்க்க வேண்டும். சிமெண்ட் தரையில் நேராக அடுக்குவது, பேட்டரி ஆசிட் பக்கத்தில் வைப்பது இரண்டும் நாமே துருவை வரவழைப்பதாகும்.

சைலன்சர் விஷயம் தனி. அது உள்ளிருந்தும் அரிக்கும். டீசல் எரியும்போது உண்டாகும் நீராவி, குழாய் நன்றாகச் சூடேறாவிட்டால் உள்ளேயே தண்ணீராகி நின்றுவிடும். நெடுந்தூரம் போகும் லாரியைவிட, ஊருக்குள் நின்று நின்று ஓடும் தண்ணீர் லாரியில் சைலன்சர் சீக்கிரம் ஓட்டையாவது இதனால்தான்.

இனி சட்டம். "லாரிக்காரர் தொழிலுக்கு வாங்குகிறார், அவர் நுகர்வோர் அல்ல" என்று நம்மில் பலர் தைரியமாக இருக்கிறோம். அது பாதிதான் சரி. கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்றே முடிவாயிற்று. ஆனால் பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. சுயதொழிலால் பிழைப்பவருக்கான இப்பாதுகாப்பு 2020 ஜூலை முதல் அமலில் உள்ள 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவர் கதை வேறு. பெரும்பாலும் அவர் 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி சிவில் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டி வரும்.

மாவட்ட ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு வருட அவகாசம் உண்டு. பரிசோதனை செய்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில், ஆணையம் சாமானை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். ஆகவே திரும்பி வந்த சாமானைத் தேய்த்துப் பளபளப்பாக்கவோ பழைய இரும்புக்குப் போடவோ கூடாது. பேட்ச் எண், பில் எண், மாட்டிய தேதி, வண்டி ஏற்றிய சரக்கு இவற்றைச் சீட்டெழுதிக் கட்டிவையுங்கள். படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியமானது பில். வியாபாரம் கைநழுவக் கூடாது என்று பில்லின் மேல் பேனாவால் "1 வருட கேரண்டி" என்று கிறுக்குகிறோமே, அது கம்பெனி கொடுத்த வாரண்டி அல்ல. நாம் தனியாகக் கொடுத்த வாக்கு. பிரேக் பைப் அரித்து விபத்தாகி ஆளுக்குக் காயம் என்று வந்தால், கம்பெனி வாரண்டிக்கு மேற்பட்டு விற்பவர் கொடுத்த வாக்கு அவர்மீதே பொறுப்பைக் கொண்டுவரும் என்று 2019 சட்டத்தின் 86-வது பிரிவு கூறுகிறது. தயாரித்தவர் யார் என்றே தெரியாத சாமானை விற்றாலும் அப்படியே. பில் இல்லாமல் வரும் மலிவுச் சாமானில் கிடைக்கும் கூடுதல் லாபத்தை இதோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றியும் பலர் கேட்கிறார்கள். வாரண்டியில் இலவசமாக மாற்றிக் கொடுக்கும் பாகத்துக்குத் தனியாக வரி இல்லை என்று 2023 ஜூலை 17-ம் தேதிச் சுற்றறிக்கை தெளிவாக்கியது. முழுச் சாமானை மாற்றினாலும் அதே விதி என்று 2024 ஜூன் சுற்றறிக்கை சொன்னது. நம் ஸ்டாக்கிலிருந்து கொடுத்துவிட்டு, கம்பெனி அதற்குப் பதில் சாமான் அனுப்பினால் வரி இல்லை. நாம் கம்பெனிக்குப் பில் போட்டால் வரி உண்டு. கம்பெனி வரியோடு கிரெடிட் நோட் கொடுத்தால் நாம் எடுத்த உள்ளீட்டு வரியை அந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். வரிக் குறைப்புக்கான கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்ட, அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-ம் தேதியோ, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளோ, எது முந்தியதோ அதுவே கடைசி நாள்.